நெயில் பாலிஷோடு பிறந்த ஓணான்கள்

எங்கள் ஊரில் ஓணான் குஞ்சுகள் நெயில் பாலிஷோடு பிறக்க ஆரம்பித்தது, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விட்ட வருஷம் ஐப்பசி மாதத்தில். அந்த நெயில் பாலிஷை விற்றவன் நான் என்பதால் இந்தக் கதையைச் சொல்லும் உரிமை எனக்குத்தான் உண்டு, வேறு யாராவது வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுங்கள். செங்காட்டுவிளை முக்கில் ‘பொன்மலர் பேன்சி ஸ்டோர்’ என்று இருக்கிறதே, அது என் கடை. பொன்மலர் என் மனைவி. என் பெயர் பால்துரை, ஆனால் கடை வைத்திருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது, பச்சைப்பிள்ளை முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை எல்லோருக்கும் நான் அண்ணாச்சிதான்.

ஊருக்கு மேற்கே தேரி. தேரி என்றால் சிவப்பு மணல், குங்குமத்தைக் கொட்டிப் பரப்பிய மாதிரி கண்ணுக்கெட்டும் தூரம் வரை கிடக்கும் மணல், ஆடிக் காற்றில் எழுந்து நடந்து போய் வேறொரு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் மணல். அதில் பனையும் முந்திரியும் முள்ளுமுள்ளாக உடைமரமும் நிற்கும், அவற்றின் நிழலில் கழுத்துக்குக் கீழே நீல விசிறியை விரித்து விரித்து மடக்கியபடி ஓணான்கள் நிற்கும். எங்கள் ஆட்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பையன்கள் கல்லால் அடிப்பார்கள், அவ்வளவுதான் எங்களுக்கும் ஓணானுக்கும் இருந்த உறவு.

அந்த வருஷம் மாசியில், சிதம்பரம் பக்கத்துப் பெண் ஒருத்தி தொப்பியும் முதுகுப் பையுமாக பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, நெயில் பாலிஷ் இருக்கா?”

“என்ன கலர்மா வேணும்?”

“எல்லாக் கலரும் வேணும். சீக்கிரம் காயணும், வெயிலுக்கு உரியக்கூடாது. பளபளப்பு மட்டும் வேண்டாம்.”

“வீட்ல விசேஷமா?”

“இல்ல அண்ணாச்சி. ஓணானுக்கு.”

வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்று துருவிக் கேட்பது வியாபாரத்துக்கு அழகில்லை. ஆறு கலர் எடுத்து வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பெயர் தில்லைநாயகி, பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. படிக்கிறாள், எங்கள் தேரி ஓணான் எத்தனை காலம் உயிரோடு இருக்கிறது, வருஷத்துக்கு எத்தனை சாகிறது, எத்தனை தப்பிக்கிறது என்று மூன்று வருஷம் பார்த்து எழுதப் போகிறாள். ஓணானைப் பிடித்து, அளந்து, முதுகில் மூன்று பொட்டு வைத்து விட்டுவிடுவாள். கழுத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வால் தொடங்கும் இடத்தில் ஒன்று. சிவப்பு–சிவப்பு–மஞ்சள் என்றால் அது ஓர் ஓணானின் பெயர், நீலம்–நீலம்–வெள்ளை என்றால் இன்னொன்றின் பெயர். அப்புறம் தினமும் காலை ஏழு மணிக்கு தேரிக்குப் போய், தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்த்து, இன்றைக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதைப் போலவே இருந்ததால் ஊர் அவளுக்கு ஓணான் டீச்சர் என்று பெயர் வைத்தது.

ஓணானைப் பிடித்துக் கொடுக்க தங்கபுஷ்பம் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை வைத்திருந்தவள், நாற்பது வயது, வாய் கொஞ்சம் நீளம், ஆனால் பனை ஈர்க்கில் நூல் சுருக்குப் போட்டு ஓணான் கழுத்தில் மாட்டுகிற அந்தக் கை இருக்கிறதே, ஓணானுக்கே தெரியாது. டீச்சர் பொட்டு வைத்துவிட்டு பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொள்வாள், பேனாவையும் அதே காதில்தான் செருகுவாள், சாயங்காலம் கடைக்கு வரும்போது காதோரத்து முடியில் மஞ்சளும் சிவப்புமாக ஒட்டியிருக்கும். ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

முதன்முதலில் பொட்டு வைத்த ஓணான் சிவப்பு–சிவப்பு–மஞ்சள். பன்னிரண்டாம் நாள் காலையில் அதைத் தேடிப் போனபோது, உடைமர முள்ளில் அது குத்தி மாட்டப்பட்டிருந்தது. கீச்சான் குருவியின் வேலை. பிடித்த இரையை முள்ளில் மாட்டி வைத்து ஆற அமரத் தின்னும். டீச்சர் அதை முள்ளிலிருந்து மெதுவாக எடுத்தாள், மணலில் உட்கார்ந்தாள், அழ ஆரம்பித்தாள், உச்சி வெயில் வரும் வரை நிறுத்தவில்லை.

“ஓணாந்தான டீச்சர்,” என்றாள் தங்கபுஷ்பம். “இதுக்குப் போயி இப்படி அழுவாவளா?”

“எங்கப்பா போய் நாப்பது நாள் ஆகுதுக்கா,” என்றாள் அவள். “பஸ் கண்டக்டர். டிக்கெட் கொடுத்துக்கிட்டே பின் சீட்ல உக்காந்தாராம், எந்திரிக்கல. வீட்டுக்குக் கொண்டாந்தப்பவும் காதுல பேனா இருந்துச்சு. எங்கம்மாதான் அதை எடுத்தாங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன், ஒரு சொட்டு அழலக்கா.”

அப்புறம் மீதியையும் சொன்னாள். அப்பாவின் வாரிசு வேலை அவளுக்குத்தான் வரும். மூன்று வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். மாசச் சம்பளத்தை விட்டுவிட்டு ஓணான் பின்னால் போகிறாளே என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் திட்ட, அம்மா மட்டும் போய் வா என்று அனுப்பியிருக்கிறாள். இந்தப் படிப்பு முடிந்து பட்டம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் போச்சு, இதுவும் போச்சு.

அன்று சாயங்காலம் தங்கபுஷ்பம் செத்த ஓணானை முந்தானையில் முடிந்துகொண்டு என் கடை வாசலில் வந்து நின்றாள். சோப்பு வாங்க வந்தவர்கள், சும்மா நின்றவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க,” என்றாள். “அந்தப் பிள்ள கண்ணுல இனிமே செத்த ஓணான் ஒண்ணுகூடப் படக்கூடாது. ஒரு சாவைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கு. மேல மேல ஏத்தாதிய.”

ஆராய்ச்சி என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாது, அழுகிற பெண்ணைத் தெரியும்.

அன்றிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக, பதநீர் இறக்கப் போகிறவர்கள், ஆடு பத்திப் போகிறவர்கள், முந்திரி பொறுக்கப் போகிறவர்கள் எல்லோரும் தேரியை ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். பொட்டு வைத்த ஓணான் எங்காவது செத்துக் கிடந்தால், முள்ளில் தொங்கினால், மாட்டு வண்டியில் அடிபட்டிருந்தால், டீச்சர் வருவதற்குள் எடுத்து வந்துவிடுவார்கள். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. டீச்சருடைய பொருள், என்றைக்காவது கேட்டால் கொடுக்க வேண்டாமா? சுற்றி வைக்கத் தாள் வேண்டும், காலையில் எந்த வீட்டிலும் சும்மா கிடக்கிற தாள் அன்றைக்குக் கிழித்த நேற்றைய காலண்டர் தாள் ஒன்றுதான், அதில் சுற்றி, கைப்பிடி அளவு ஓலைக் கொட்டானில் வைத்து மூடி, தங்கபுஷ்பத்தின் கொட்டகைக்குள் மணலில் புதைத்து வைத்தார்கள். தேரி மணலில் ஈரம் நிற்காது, கொட்டகைக்கு மழையும் படாது, வைத்தது வைத்தபடி காய்ந்து கிடந்தது.

மொத்தம் எண்பத்தாறு ஓணானுக்குப் பொட்டு வைத்துவிட்டு, புரட்டாசி முடிந்ததும் டீச்சர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். மழைக்காலத்தில் அவளுக்கு அங்கே எழுத்து வேலை. அவள் போன பிறகுதான் தேரியில் முட்டைகள் பொரிந்தன.

முதலில் பார்த்தவள் பொன்மலர். கொல்லையில் முருங்கை மூட்டில் ஒரு விரல் நீளத்தில் குஞ்சு ஓணான் நின்றது, கழுத்தில் பச்சை, நடுவில் ஊதா, வாலில் பச்சை.

“இங்க வாங்களேன்,” என்று கூப்பிட்டாள். “நம்ம கடை ஊதாவா இல்லையா, பாருங்க.”

நம் கடை ஊதாதான். சந்தேகமே இல்லை, எனக்குத் தெரியாத ஊதாவா? பச்சை–ஊதா–பச்சை என்ற பெண் ஓணான் ஆவணியிலேயே செத்துக் கொட்டானுக்குப் போய்விட்டது; இது அதன் பிள்ளை. அந்த வாரமே ஊர் முழுக்கப் பார்த்துவிட்டார்கள். ஒரு தாய் இட்ட முட்டைகளில் ஒன்றுக்குத் தாயின் பொட்டு, ஒரு தகப்பனின் பிள்ளைகளில் ஒன்றுக்குத் தகப்பனின் பொட்டு, மற்றவை வெறும் முதுகு. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. இதில் வாயைப் பிளக்க எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுயம்புவின் மகனுக்குச் சுயம்புவின் மூக்கு வரவில்லையா, என் மகளுக்கு என் அம்மாவின் குதிகால் வரவில்லையா, அது மாதிரி இது என்று எடுத்துக்கொண்டோம்.

எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. எந்த வீட்டுக் கொல்லையில் எந்தப் பொட்டுக் குஞ்சு நின்றதோ அது அந்த வீட்டு ஓணான் ஆயிற்று, கீழத்தெருவில் பஞ்சாயத்துக் குழாயடிச் சண்டைகூட “உங்க மஞ்ச ஓணான் எங்க சுவர்ல ஏறுது” என்றுதான் ஆரம்பித்தது, கல்லெறிகிற பையன்கள் இனி கல்லெறிவதென்றால் முதுகு பார்த்து எறிய வேண்டும் என்பதால் அலுத்துப் போய் எறிவதையே விட்டார்கள், பொட்டு வைத்த பிள்ளைக்குப் பொட்டு வைத்த பேரன் பிறக்கும் என்று துபாய்க்குப் போகிற மகனின் தோள்பட்டையில் மூன்று சொட்டு வைத்து அனுப்பினாள் ஒரு தாய், தன் வெள்ளாட்டுக்குப் பொட்டு வைத்துக் குட்டிக்கு வராததால் என்னிடமே வந்து பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார் ஆறுமுகநயினார், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் போகிற வழியில் ஓணானைக் கண்டால் நல்ல சகுனம் என்று நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கடையில் நெயில் பாலிஷ் விற்பனை எப்படி இருந்தது என்று நீங்களே கேட்டுவிடுவீர்கள். நன்றாகத்தான் இருந்தது.

மாசியில் டீச்சர் திரும்பி வந்தாள். அதற்குள் குஞ்சுகள் வளர்ந்து தாயளவு ஆகிவிட்டன. ஏழு மணிக்கு தேரிக்குப் போனவள் எட்டு மணிக்குள் ஓடி வந்தாள்.

“அக்கா! எல்லாமே இருக்குக்கா! எண்பத்தாறுல அந்த ஒண்ணைத் தவிர எல்லாமே இருக்கு!”

கடை வாசலிலேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா, ஒண்ணுகூடச் சாகலம்மா, நம்பவே முடியலம்மா என்று சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தாள், நான் ஆறுமுகநயினாரைப் பார்த்தேன், அவர் ஆட்டைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அதெல்லாம் செத்துவிட்டது, இவை பிள்ளைகள் என்று சொல்ல எந்த நாக்குக்குத் துணிச்சல் வரும்? இப்போது வேண்டாம், அப்புறம் சொல்லலாம் என்று இருந்துவிட்டோம். அடுத்த ஐப்பசியிலும் பொரிந்தன, அடுத்த மாசியிலும் எல்லாம் நின்றன, அவளும் சிரித்தாள், நாங்களும் மூச்சுவிடவில்லை.

இதில் என் பங்குக்கு நான் ஒரு வேலை செய்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் கதை நகராது, சொன்னால் என் மானம் போகும். பரவாயில்லை.

நீலம்–நீலம்–வெள்ளை என்ற ஆண் ஓணான் என் கடைக் கூரையிலேயே குடியிருந்தது. மூன்றாம் வருஷம் பங்குனியில், ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் கடை ஷட்டரை இழுத்து விட்டேன். கீழே அது நின்றதை நான் பார்க்கவில்லை. போன ஐப்பசியில் பிறந்தது, அதற்கு இன்னும் பிள்ளைகுட்டி இல்லை. நாளைக் காலையில் டீச்சர் பைனாகுலரைத் தூக்குவாள், நீலம்–நீலம்–வெள்ளையைத் தேடுவாள், அது இருக்காது, காரணம் நான். செத்ததைக் காலண்டர் தாளில் சுற்றிக் கொட்டானில் வைத்துவிட்டு, கொல்லையில் வெறும் முதுகோடு நின்ற ஒன்றைத் துண்டு போட்டுப் பிடித்து, கடையிலிருந்த நீலத்தை எடுத்து இரண்டு பொட்டு, வெள்ளை ஒரு பொட்டு வைத்துவிட்டேன். சாதா நீலம் தீர்ந்து போயிருந்தது. ஜிகினா நீலம்தான் இருந்தது.

தூரத்தில் பைனாகுலரில் பார்க்கிறவளுக்கு ஜிகினா தெரியவில்லை. ஆனால் அந்த ஆவணியில் அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு வந்தார். ஹெப்சிபா மேடம், பாளையங்கோட்டைக்காரர், குட்டை முடி, கண்டிப்பான பேச்சு, மணலில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களைவிட வேகமாக நடந்தார்.

“தில்லை, மூணு வருஷம். எண்பத்தாறு ஓணான். செத்தது ஒண்ணே ஒண்ணு,” என்றார். “இவ்வளவு சின்ன ஓணான் ஒண்ணரை வருஷம் இருந்தாலே பெரிய விஷயம். மனுஷங்கள்ல அப்படி ஒரு ஊர் இருந்தா நானே அங்க போயிருவேனே.”

“நான் பாத்ததைத்தான் மேடம் எழுதியிருக்கேன்.”

மேடம் என் கடைக் கூரையை நிமிர்ந்து பார்த்தார். சுருக்குக்கூட இல்லாமல் கையாலேயே நீலம்–நீலம்–வெள்ளையைப் பிடித்தார். வெயிலில் திருப்பினார். அது மினுக்மினுக்கென்று மின்னியது.

“இது என்ன ஜிகினா?”

டீச்சர் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். “எனக்குத் தெரியாது மேடம்.”

“ஒரு ஓணானுக்கு நீ புதுசாப் பொட்டு வச்சிருந்தா, எண்பத்தாறுக்கும் நீதான் வச்சேன்னு சொல்லுவாங்க. இதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல, ஜோடனை. நீ செய்யலன்னு நான் நம்பறேன். ஆனா என் நம்பிக்கையை யாரும் அச்சடிக்க மாட்டாங்க.”

நான் கடைக்குள் நின்றுகொண்டு வளையல் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

டீச்சர் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். வாரிசு வேலைக்கு மனுப் போடும் மூன்று வருஷமும் முடிந்துபோனது. அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் தங்கபுஷ்பத்துக்குப் போன் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வரும் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்: செத்தவை எங்கே? அதற்குப் பதில் இல்லையென்றால் பட்டம் இல்லை. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு.

“அக்கா, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல,” என்று அழுதிருக்கிறாள். “அவரு கேக்கறதும் நியாயந்தான். சாகாம எப்படி இருக்கும்?”

தங்கபுஷ்பம் போனை வைத்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, அவளை அழ விடக்கூடாதுன்னு செஞ்சோம். இப்ப நம்மாலதான் அழுதா. என்ன செய்யப் போறிய?”

பிஎச்.டி. தேர்வு என்பது கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் டீச்சர் செல்போனில் அனுப்பியிருந்த நோட்டீஸில், ‘பொது வாய்மொழித் தேர்வு, ஆர்வமுள்ள அனைவரும் வருக’ என்று அச்சடித்துத் தேதியும் நேரமும் போட்டிருந்தது. அனைவரும் வருக என்று போட்ட பிறகு போகாமலிருப்பது மரியாதையா? வியாழக்கிழமை காலையில் இரண்டு குட்டியானை வண்டியில் நாற்பத்திரண்டு பேர் ஏறினோம். நான் கடையைச் சாத்தினேன், ஷட்டருக்குக் கீழே நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாத்தினேன்.

அவ்வளவு குளிரூட்டிய அறையில் நாங்கள் உட்கார்ந்ததில்லை. நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் டீச்சரின் அம்மா இருந்தார், கையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. டீச்சர் புடவை கட்டியிருந்தாள், காதில் பேனா. எங்களைப் பார்த்ததும் திகைத்துப்போனாள், அப்புறம் படம் காட்டிக் காட்டிப் பேசினாள், எங்கள் தேரி சுவரில் பெரிதாக நின்றது, கடைசிப் படத்தில் ‘இறப்பு: 1’ என்று எழுதியிருந்தது.

தேர்வாளர் பெயர் வரதன், ஒல்லியான வயதான மனிதர். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“உங்க உழைப்பு தெரியுது. ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. செத்தவை எங்கே?”

டீச்சர் மைக்கைப் பிடித்தபடி நின்றாள்.

நான் எழுந்தேன்.

“சார், கொட்டகையில இருக்கு. அதாவது, இருந்துச்சு. இப்ப கீழ வண்டியில இருக்கு.” எல்லோரும் திரும்பினார்கள். “நான் அந்த ஊர்ல பேன்சி ஸ்டோர் வச்சிருக்கேன். அந்த ஜிகினா நீலம் நான் வச்சது. டீச்சருக்கு ஒரு பாவமும் தெரியாது. ஷட்டரை இழுத்து ஓணானைக் கொன்னதும் நாந்தான், பொய்ப் பொட்டு வச்சதும் நாந்தான்.”

ஹெப்சிபா மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அதற்குள் தங்கபுஷ்பமும் மற்றவர்களும் கொட்டான்களைக் கூடை கூடையாகத் தூக்கி வந்து, தேர்வாளரின் மேஜையிலும், மேஜைக்குக் கீழேயும், மேடை முழுக்கவும் அடுக்கினார்கள். நூற்று நாற்பத்தொரு கொட்டான், ஒவ்வொன்றிலும் காய்ந்த ஓர் ஓணான், ஓணானின் முதுகில் அழியாத மூன்று பொட்டு, ஓணானைச் சுற்றி அது செத்த தேதி போட்ட காலண்டர் தாள், தாளில் ராகுகாலம், எமகண்டம், அன்றைய நட்சத்திரம்.

“பருந்து தூக்கிட்டுப் போனதுக்கு எங்ககிட்ட கணக்கு இல்ல சார்,” என்றாள் தங்கபுஷ்பம்.

டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு கொட்டானைத் திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள். “ஏன்க்கா சொல்லல?” என்றாள். “மூணு வருஷமா ஏன்க்கா சொல்லல?”

“நீங்க அன்னைக்கு அழுத அழுகையைப் பாத்தவ நான். இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அவள் தங்கபுஷ்பத்தின் தோளில் கொஞ்ச நேரம் முகத்தை வைத்திருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். ஹெப்சிபா மேடமும் உட்கார்ந்தார், வரதன் சாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவர் பொட்டைச் சொல்ல, ஒருவர் தேதியைச் சொல்ல, டீச்சர் எழுதினாள். தேர்வுக்கு வந்தவர்களுக்கு வைத்திருந்த சமோசாவும் டீயும் ஆறிப்போயின. பாதிக்கு மேல் போனதும் வரதன் சார் இரண்டு கையிலும் இரண்டு ஓணானை எடுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“பச்சை–ஊதா–பச்சை. முதல் வருஷம் ஆவணியில செத்திருக்கு. அடுத்த வருஷம் ஆடியிலயும் செத்திருக்கு. ஒரு ஓணான் எப்படிய்யா ரெண்டு தடவை சாகும்?”

“முதல்ல செத்தது அம்மா சார், அடுத்தது மக,” என்றாள் பொன்மலர், இதுகூடத் தெரியாதா என்ற குரலில். “பொட்டோடதான பிறக்கும்?”

பல்கலைக்கழகத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் நாற்பத்திரண்டு பேருக்கு மட்டும் அதில் திகைக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. தங்கபுஷ்பம் இடுப்பில் செருகியிருந்த கடைசிக் கொட்டானை எடுத்து நீட்டினாள்.

“நேத்துத்தான் கொட்டகைக்குப் பின்னால பொரிஞ்சுது. உசுரோட இருக்கு, பைய எடுங்க.”

வரதன் சார் குஞ்சைக் கையில் வாங்கினார். அசிட்டோன் வேண்டும் என்று யாரையோ லேபுக்கு அனுப்பப் போனார். அதற்குள் நான் சட்டைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துக் கொடுத்தேன், தொழில்காரன் வெறுங்கையோடு போவானா? பஞ்சை நனைத்து அவர் பூப்போலத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மறுபடி துடைத்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அம்மா தில்லைநாயகி,” என்றார் கடைசியில். “நாலாவது அத்தியாயத்தை மட்டும் திரும்ப எழுதுங்க. எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியாது, பாத்தபடியே எழுதுங்க. பட்டத்துக்குப் பரிந்துரை செய்யறேன்.”

எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள், ஆறுமுகநயினார் விசில்கூட அடித்தார். டீச்சர் மட்டும் நோட்டை விட்டு எழவில்லை. ஆஜர் முடியவில்லையே.

“இதையும் எழுதிடறேன். கலர் சொல்லுங்க சார்.”

“சிவப்பு,” என்று படித்தார் வரதன் சார். “சிவப்பு. மஞ்சள்.”

பேனா நின்றது.

முதல் பங்குனியில் முள்ளில் தொங்கியது சிவப்பு–சிவப்பு–மஞ்சள். அதற்கு வாரிசு இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். மூன்று ஐப்பசி பார்த்தோம், அந்தப் பொட்டோடு ஒரு குஞ்சும் வரவில்லை. முட்டையிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது என்று யார் கண்டது?

“உள்ளயே இருந்திருக்கு,” என்றார் ஹெப்சிபா மேடம், அந்தக் கண்டிப்பான குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. “பிள்ளைக்கு வெளிய தெரியாம, பேரனுக்குத் தெரியாம, உள்ளயே இருந்து இப்ப வந்திருக்கு. அப்படி வரும் தில்லை. நானே உனக்கு நடத்தியிருக்கேன்.”

டீச்சர் தலையாட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அவள் துடைக்கவில்லை, எங்களுக்கும் இந்தத் தடவை அதை நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. குஞ்சை வாங்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, உள்ளங்கைகளைச் சேர்த்து நீட்டினாள். அது இறங்கி வந்து அவள் கைக்குள் நின்று, தலையைத் தூக்கி எங்கள் எல்லோரையும் பார்த்தது.

அறையிலிருந்த அத்தனை பேரும் எட்டி எட்டி அதைத்தான் பார்த்தார்கள். நான் அவளுடைய அம்மாவுக்கு வழிவிட நகர்ந்தேன். அந்த அம்மா ஓணானைப் பார்க்கவில்லை. மகளுடைய காதில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதை இவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலைங்க,” என்றார் என்னிடம்.